நாங்கூழ்த் தசை

மக்கள் உடம்பின் உறுப்புக்களுள் கண்ணைப் பாடிய புலவர் பலர்; நெஞ்சைப் பாடியவர் அவரினும் பலர். கையைப் போற்றியவரும் உளர். ஆயினும் அவர் போற்றியது கொடுக்கும் கையும், வாளேந்தும் கையும், மேழி பிடிக்கும் கையுமேயன்றி, உள்ளங்கைக்குள் மறைந்திருந்து கையைக் கையாக்கும் சிறு தசைகள் அல்ல. அவற்றுள்ளும் மிக மெலிந்த நான்கினைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றேன். தமிழ் பயிலும் மாணவன் உடற்கூற்று நூலுக்குள் புகுவானேன் என நண்பர்கள் வினவக்கூடும். அதற்கு விடை கட்டுரையின் இடையிலே வரும்; அதுவரை பொறுத்தருள்க.

இத்தசைகளுக்கு மேனாட்டு மருத்துவர் இட்ட பெயர் லம்பிரிக்கல் என்பதாகும். இலத்தீன் மொழியில் லம்பிரிக்கஸ் என்னும் சொல் மண்புழுவைக் குறிக்கும். மெலிந்து நீண்டு, நான்கு புழுக்கள் அருகருகே கிடந்தாற்போல உள்ளங்கையில் தோன்றுதலின் இப்பெயர் வந்தது. பெயரிட்டவர் உருவம் ஒன்றையே கருதினார் போலும். ஆயின் தொழிலை நோக்கினும் அப்பெயர் சாலப் பொருந்தும். மண்புழுவுக்குத் தமிழில் நாங்கூழ் என்றொரு பெயர் உண்டு. 1881ஆம் ஆண்டில் டார்வின் என்னும் பேரறிஞர், நிலத்தின் மேன்மண் மண்புழுக்களால் ஆக்கப்படும் வகையைத் தனியொரு நூலாக எழுதினார். பத்தாண்டு கழித்து, 1891இல், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை வெளியிட்ட மனோன்மணீய நாடகத்தில், நடராசன் என்பவன் நாங்கூழ்ப் புழுவின் ஓயா உழைப்பை வியந்து பேசுவதைத் தமிழ் மாணவர் அறிவர். விளைச்சலைக் காண்போர் உழவனைக் காண்பர். ஏரையும் எருதையும் காண்பர். மண்ணுக்குள் கிடந்து மண்ணை நெகிழ்விக்கும் புழுவைக் காணார். கையின் நாங்கூழும் அத்தகையதே. ஆதலின் யான் இதனை நாங்கூழ்த் தசை என்றே அழைக்கின்றேன்.

கையின் அமைப்பைச் சிறிது காண்போம். ஒரு கையில் உள்ள எலும்புகள் 27. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. விரல்களை மடக்கும் வலிமை விரல்களிலேயே உள்ளது எனப் பலரும் எண்ணுவர். உண்மையில் விரல்களை அசைக்கும் தசை ஒன்றேனும் விரல்களுக்குள் இல்லை. வலிய தசைகள் முன்கையிலே இருந்துகொண்டு, பாவைக்கூத்தன் கயிற்றால் பாவையை ஆட்டுவதுபோல, நீண்ட நாண்களால் விரல்களை இழுக்கின்றன. முன்கையின் உட்புறத்துத் தசைகள் மடக்குவன. வெளிப்புறத்துத் தசைகள் நீட்டுவன. பெருவிரல் ஒழிந்த நான்கு விரல்களுக்கும் மடக்கும் நாண்கள் இவ்விரண்டு உள்ளன. ஒன்று விரலின் நடு எலும்பளவில் நின்றுவிடும். மற்றொன்று ஆழத்தே ஓடி நுனி எலும்பைச் சென்று பற்றும்.

அந்த ஆழ்ந்த நாணின்மீதுதான் நாங்கூழ்த் தசை பிறக்கின்றது. சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் தசைகள் ஒவ்வொரு நாணினின்றும், அணிவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் தசைகள் அடுத்தடுத்த இரு நாண்களினின்றும் எழும். நான்கும் தத்தம் விரலின் பெருவிரற் பக்கமாகச் சென்று, விரலடிக் கணுவை முன்புறமாகக் கடந்து, பின்னர் விரலின் புறத்தே ஏறி, அங்கு விரலை நீட்டும் நாணின் விரிந்த படலத்தோடு கலந்துவிடும்.

இங்கே ஒரு புதுமையைக் காண்க. பெரும்பாலான தசைகள் ஓர் எலும்பிலே தொடங்கி மற்றோர் எலும்பிலே முடிவன. நாங்கூழ்த் தசையோ எந்த எலும்பையும் பற்றுவதில்லை. மடக்கும் நாணில் தோன்றி, நீட்டும் நாணில் ஒடுங்குகின்றது. தனக்கென நிலம் இல்லாத குடிபோலப் பிறரைச் சார்ந்தே வாழ்கின்றது. இலக்கணம் பயில்வோர்க்கு இது புதிதன்று. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் தாமே நிற்கும் முதலெழுத்துக்கள். குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்னும் மூன்றும் பிறவற்றைச் சார்ந்து வருவன எனத் தொல்காப்பியர் வகுத்தார். சார்ந்து வருவன என்பதனால் அவை வேண்டாதன ஆகா. குற்றியலுகரத்தை நீக்கிவிட்டால் நாடு, காடு, வீடு, பாட்டு, எழுத்து ஆகிய சொற்களின் இயல்பான ஓசை நமக்குக் கிட்டுமோ? நாங்கூழ்த் தசையும் கையின் சார்பெழுத்து என்க.

இனி இதன் தொழில் யாதெனப் பார்ப்போம். அன்பர்களே, இவ்விதழைத் தாங்கியிருக்கும் உங்கள் கையையே நோக்குமின். நான்கு விரல்களும் அடிக்கணுவில் மடங்கியிருக்கின்றன. மேலுள்ள இரு கணுக்களிலோ ஏறக்குறைய நேராக நிற்கின்றன. ஒரு விரலுக்குள்ளேயே, ஒரே நேரத்தில், மடக்கமும் உண்டு; நீட்டமும் உண்டு. முன்கையின் மடக்கும் தசை மட்டும் தொழிற்படுமாயின் விரல் நுனிமுதல் சுருண்டு முட்டியாகும். நீட்டும் தசை மட்டும் தொழிற்படுமாயின் விரலடி பின்னோக்கி நிமிரும். இவ்விரு பெரு வலிமைகளுக்கும் இடையே நின்று, அடியை மடக்கி நுனியை நீட்டச் செய்வது நாங்கூழ்த் தசையின் பணி. உள்ளங்கை எலும்புகளின் இடையே கிடக்கும் வேறு சில சிறு தசைகளும் இப்பணியில் இதற்குத் துணை நிற்கின்றன. வலிமையால் அவை இதனினும் மிக்கன. ஆயினும் இதற்கெனத் தனிச் சிறப்பு ஒன்றுண்டு. தசை எவ்வளவு நீண்டுள்ளது என்பதை உடனுக்குடன் நரம்பு வழியே அறிவிக்கும் நுண்கருவிகள் இதனுள் மிகுதியாகப் பொதிந்துள்ளன. ஆதலின் இது வேலையாள் மட்டும் அன்று. செய்தி சொல்லும் தூதனும் ஆகும் என மருத்துவ அறிஞர் கருதுகின்றனர்.

இப்பணியினால் நாம் பெறும் பயன் சிறிதன்று. இலையிலிட்ட சோற்றைப் பிசைந்து, கவளமாக்கி, விரல்நுனிகளைச் சேர்த்து வாய்க்குக் கொண்டு செல்லும்போது கை கொள்ளும் வடிவம் இதுவே. எழுதுகோலை மூவிரலாற் பற்றிக் கோட்டை மேலும் கீழும் இழுக்கும் வடிவமும் இதுவே. வீணையின் நரம்பை மீட்டும் விரலும், ஊசியில் நூல் கோக்கும் விரலும், குழந்தையின் கன்னத்தைத் தடவும் விரலும் இத்தசையின் உதவியை வேண்டுவன. எல்லாவற்றுக்கும் மேலாக, இரு கைகளையும் கூப்பி வணங்குதற்கு விரல்கள் நுனிவரை நேராக நிற்றல் வேண்டுமன்றோ? முட்டி பிடிப்பதற்கு முன்கைத் தசைகளே போதும். கை கூப்புதற்கு உள்ளங்கையின் சிறு தசைகள் வேண்டும்.

இனி, முன்னர் ஒத்திவைத்த வினாவுக்கு விடை கூறுகின்றேன்.

என் தந்தையாரின் தந்தையார் ஒரு சிற்றூர்த் தொடக்கப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். கரும்பலகையில் அவர் எழுதும் எழுத்தைக் காண்பதற்கென்றே ஊர்ப் பெரியவர்கள் பள்ளித் திண்ணையில் வந்து அமர்வார்களாம். 1968ஆம் ஆண்டளவில் அவருடைய வலக்கையின் சுண்டுவிரற் பக்கம் மரத்துப்போயிற்று. கொதிக்கும் பால் விரலிற் பட்டதையும் உணராது நின்றதைக் கண்டு பாட்டியார் அலறினாராம். ஓராண்டுக்குள் அணிவிரலும் சுண்டுவிரலும் வளைந்தன. பின்னர் மற்ற விரல்களும் வளைந்தன. சுண்ணக்கட்டி கையினின்று நழுவி விழலாயிற்று. நோயின் பெயர் தொழுநோய் என்பது தெரிந்த நாளன்றே, இனிப் பள்ளிக்கு வரவேண்டா என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினார்கள்.

அதன்பின் பாட்டனார் வெளியே செல்லும்போதெல்லாம் வலக்கையைத் துண்டினால் மூடிக்கொள்வார். எதிர்ப்பட்டோர் வணக்கம் கூறினால் தலையை மட்டும் தாழ்த்துவார். நோயை அறியாத வெளியூரார், "வாத்தியாருக்குச் செருக்கு, வணங்கினால் மறுவணக்கம் இல்லை" என்று பேசினர். நோயை அறிந்த உள்ளூராரோ வணக்கம் கூறுவதையே விட்டுவிட்டனர். இவ்விரண்டனுள் எது அவரை மிகுதியும் வருத்தியது என்பதை அவர் எவர்க்கும் சொன்னதில்லை.

அவர் எழுதிவந்த கையேடு ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. நன்னூலுக்கு மாணவர்க்கு விளங்குமாறு அவர் எழுதிய குறிப்புக்கள் அதில் உள்ளன. முதற்பகுதியின் எழுத்து முத்துக் கோத்தாற்போல நிமிர்ந்து நிற்கும். நடுவிலே சில பக்கங்களில் எழுத்துச் சாயும், சுழிகள் திறந்துபோகும், வரிகள் கீழ்நோக்கி இறங்கும். பின்னர் ஏழு பக்கங்கள் வெறுமை. கடந்த கோடை விடுமுறையில் இக்கையேட்டை யான் படித்துக்கொண்டிருந்தபோது, மருத்துவக் கல்லூரியிற் பயிலும் என் பெரியப்பா மகள் அருகில் வந்து அமர்ந்தார்.

"இதைப் பாருங்கள் அக்கா. இங்கேதான் தாத்தா மனம் தளர்ந்திருக்கிறார்" என்றேன்.

அவர் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இங்கே தளர்ந்தது மனம் அன்று. முழங்கையிலே ஒரு நரம்பு தளர்ந்திருக்கிறது. நாளும் பக்கமும் குறித்திருக்கிறார், பார். ஒரு மருத்துவர் எழுதிய நோய்க்குறிப்பைப் போலவே இருக்கிறது" என்றார். பின்பு தம் பாடநூலை எடுத்துவந்து, அந்த நான்கு சிறு தசைகளையும் படத்திற் காட்டினார். இக்கட்டுரையின் முற்பகுதியிற் கூறியன பெரும்பாலும் அன்று மாலை அவரிடம் யான் கேட்டறிந்தனவே.

முழங்கையின் உட்புறத்து எலும்பு முனைக்குப் பின்னால் ஒரு நரம்பு ஓடுகின்றது. அல்நர் நரம்பு என்பது அதன் பெயர். தூணிலோ கதவிலோ முழங்கை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை மின்னல் பாய்ந்தாற்போலத் துடிப்பதை யாவரும் அறிவர், துடிப்பது அந்நரம்பே. அணிவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உரிய நாங்கூழ்த் தசைகளை அதுவே இயக்குகின்றது. மற்ற இரண்டனையும் முன்கையின் நடுவே வரும் மீடியன் நரம்பு இயக்குகின்றது. தொழுநோயை விளைவிக்கும் நுண்ணுயிர் உடம்பின் குளிர்ந்த பகுதிகளை விரும்பி வாழ்வது. 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதனைக் கண்டறிந்தார். முழங்கையருகில் தோலுக்கு அணித்தாய் ஓடும் நரம்பு குளிர்ச்சியுடையதாதலின், அங்கே அது குடிபுகுகின்றது. நரம்பு வீங்குகின்றது, பின்பு செயலறுகின்றது. சிறு தசைகள் ஆணை பெறாது வாடி மெலிகின்றன.

அப்போது நிகழ்வது யாது? முன்கையின் பெருந்தசைகள் பெரும்பாலும் வலிமை குன்றாமலே உள்ளன. நீட்டும் தசை, தடுப்பார் இன்மையின், விரலடியைப் பின்னோக்கி இழுக்கின்றது. மடக்கும் தசை மேற்கணுக்களைச் சுருட்டி இழுக்கின்றது. விரல்கள் பறவையின் உகிர்போல வளைந்து நிற்கின்றன. எண்ணிப் பார்க்குமிடத்து, அக்கையின் கோணல் வலிமைக் குறைவினால் மட்டும் வந்ததன்று. இடைநின்று அமைதி செய்வார் இல்லாத வலிமையினால் வந்தது. ஊரார் அதனை ஊழ் என்றனர், பழி என்றனர், இறைவன் இட்ட தண்டனை என்றனர். அது முழங்கையில் ஒரு நரம்பு வீங்கியதன் விளைவு என்று சொல்ல அன்று அவ்வூரில் ஒருவரும் இல்லை.

ஆயினும் அவ்வூரினின்று நெடுந்தொலைவில் அல்லாத இடத்தில் அவ்வுண்மையை அறிந்தோர் அப்போதே இருந்தனர். கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்து, இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், அடுத்த ஆண்டு செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். ஆண்டு மருத்துவம் செய்துவந்த டாக்டர் காக்ரேன் நோயாளிகளைக் காட்டினார். வளைந்த விரல்களையுடைய ஒருவரின் கையில் பிராண்ட் தம் கையைக் கொடுத்து அழுத்துமாறு கூறினார். அப்பிடியின் வன்மை அவரைத் திடுக்கிடச் செய்தது. இந்நோயாற் கை முழுவதும் அழிந்துபோகும் என்று எண்ணப்பட்ட காலம் அது. இக்கையோ அழிந்துபட்டதன்று, இதன் வலிய தசைகள் நலமாகவே உள்ளன, சிறிய தசைகளே இல்லை என்பதை அவர் உணர்ந்தார்.

உணர்ந்தபின் வழி பிறந்தது. ஒரு விரலுக்கு மடக்கும் நாண்கள் இரண்டு என முன்னர்க் கூறினேன். அவற்றுள் ஒன்றை எடுத்து, நான்கு இழைகளாகப் பிளந்து, நாங்கூழ்த் தசைகள் சென்ற அதே வழியாக உள்ளங்கையினூடே செலுத்தி, விரல்களின் புறத்தே உள்ள படலத்தோடு தைத்துவிடலாம். அமெரிக்க மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் பிற நோய்களால் கெட்ட கைகளுக்கு இவ்வகையான சிகிச்சையை முன்னரே விளக்கியிருந்தார். 1948ஆம் ஆண்டளவில் பிராண்டும் அவருடைய தோழர்களும் வேலூரிலே தொழுநோயாளரின் கைகளுக்கு அதனைச் செய்யத் தொடங்கினர். பின்னர் முன்கையின் வேறு தசையின் நாணைக்கொண்டு செய்யும் முறைகளையும் வகுத்தனர். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையத்திலும் இப்பணி வளர்ந்தது. பிராண்ட் 2003இல் மறைந்தார்.

பாட்டனார் 1972இல், தம் முப்பத்திரண்டாம் வயதில், வட ஆர்க்காட்டு மருத்துவமனை ஒன்றில் இச்சிகிச்சை பெற்றார். நடுவிரலை மடக்கிவந்த இரு நாண்களுள் ஒன்று நான்கு விரல்களுக்கும் பங்கிடப்பட்டது. மூன்று வாரம் கை கட்டுக்குள் இருந்தது. கட்டவிழ்த்தபின்தான் உண்மையான உழைப்புத் தொடங்கிற்று என்று அவர் கூறுவார். நடுவிரலை மடக்க நினைத்தால் நால்விரலும் நீளும்! மடக்குதற்கென்றே முப்பதாண்டு பழகிய தசைக்கு நீட்டுதலைக் கற்பிக்க வேண்டும். ஆசிரியர் தம் கைக்கே அரிச்சுவடி தொடங்கினார். மெழுகுருண்டையைப் பிசைந்தார், மரத்துண்டுகளை அடுக்கினார், பயறு பொறுக்கினார்.

உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. அறுவையினால் நாணை மாற்றலாம். மாண்ட நரம்பை எழுப்ப இயலாது. ஆதலின் இறுதிவரை பாட்டியார் அவருக்குக் காப்பி கொடுக்கும் குவளையில் துணி சுற்றியே கொடுப்பார். இரவுதோறும் அவர் விளக்கொளியில் தம் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் புண் உண்டோ என்று பார்ப்பார். நோவு அறியாத விரலுக்குக் கண்ணே காவல்.

வெறுமையான ஏழு பக்கங்களுக்குப் பின் கையேடு மீண்டும் தொடங்குகின்றது. எழுத்துக்கள் முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்துக்களைப் போலப் பெரியவை. ஒரு பக்கத்துக்கு எட்டு வரிக்கு மேல் இல்லை. அதன்பின் அவர் பள்ளிக்குத் திரும்ப இடங்கொடுக்கவில்லை. தம் வீட்டுத் திண்ணையிலேயே ஊர்ப்பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் கற்பித்தார். தொடக்கத்தில் வந்தவர் மூவர். பின்னாளில் திண்ணை கொள்ளவில்லை. 2018இல் அவர் மறைந்தபோது, அத்திண்ணையிற் பயின்றோர் பலர் நெடுந்தொலைவினின்று வந்தனர்.

இக்கட்டுரையை எழுதப் புகுந்தபோது வீட்டில் ஒப்புதல் எளிதிற் கிட்டவில்லை. என் அத்தையை இருமுறை பெண் கேட்டு வந்தோர் இந்நோயின் பெயரைக் கேட்டுத் திரும்பிச் சென்றதுண்டு. "நாற்பது ஆண்டாக மூடிவைத்ததை நீ அச்சிட்டுக் காட்ட வேண்டுமா?" என்று அவர் கண்ணீரோடு கேட்டார். அவர் துயரத்தை யான் எளிதாகக் கருதவில்லை. சமுதாயம் மட்டுமோ, சட்டமும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. தொழுநோயாளரை ஒதுக்கிவைக்க 1898இல் இயற்றிய சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் கொண்ட விதி 2019இல்தான் பல சமயத்தார்க்கும் உரிய சட்டங்களினின்று அகற்றப்பட்டது. கிறித்தவர்க்குரிய 1869ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுள் ஒன்று. தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்து, "எழுது. ஊர்ப்பெயர் வேண்டா, நோயின் பெயரை மறைக்காதே" என்றார். அத்தை மறுத்துரைக்கவில்லை. இரு நாட் கழித்து, கையேட்டின் கிழிந்த அட்டைக்குப் பதிலாகப் புதிய துணியட்டை ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்.

ஆதலின் மறைக்காமல் இரண்டு செய்திகளைச் சொல்லி அமைகின்றேன். தொழுநோய் இன்று மருந்தினால் முற்றும் தீர்வது. பல மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கும் முறை 1980களின் தொடக்கத்தில் வந்தது. நோயின் வகைக்கேற்ப ஆறு திங்களோ பன்னிரண்டு திங்களோ உண்டால் போதும். அரசு மருத்துவ நிலையங்களில் அது விலையின்றிக் கிடைக்கின்றது. உடம்பில் உணர்ச்சியற்ற வெளிறிய படை தோன்றினாலும், சுண்டுவிரல் மரத்தாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுக. நரம்பு கெடத் தொடங்கும்போதே மருந்து கொடுத்தால் பெரும்பாலும் கையைக் காக்கலாம்.

மற்றொன்று இது. நீங்கள் வணங்கும்போது ஒருவர் மறுவணக்கத்துக்குக் கை உயர்த்தாராயின், அதனைச் செருக்கென்று விரைந்து முடிவு செய்யாதீர். அவர் உள்ளத்தில் வணக்கம் இருக்கலாம். உள்ளங்கையில் நான்கு சிறு தசைகள் இல்லாதிருக்கலாம். அத்தகையாரிடம் நாமே அருகிற் சென்று அவர் கையைப் பற்றுதல் தகும்.

பாட்டனாரின் கையேடு இப்போது விடுதியில் என் மேசைமேல் உள்ளது. வகுப்புக்குரிய நன்னூற் பாடத்தை அதிலிருந்தே படிக்கின்றேன். அதன் பிற்பகுதியின் எழுத்து முற்பகுதியைப்போல அழகியதன்று. ஆயினும் ஒவ்வோரெழுத்தும் ஐயமறத் தெளிவாக உள்ளது.